பள்ளிப் பிள்ளைகளும் போதைப் பழக்கமும்: பள்ளிக்கூடத்தின் சட்டக் கடமை என்ன? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

சட்ட விழிப்புணர்வுக் கூட்டங்களுக்காகப் பள்ளிகளுக்குப் போய்ப் பேசும் வழக்கறிஞர் நான். மைக் பிடித்துப் பேசும்போது யாரும் ஒன்றும் கேட்பதில்லை, கூட்டம் முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் பெற்றோரும் ஆசிரியர்களும் ஒவ்வொருவராக வந்து தாழ்ந்த குரலில் கேட்பார்கள். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். அவற்றையெல்லாம் இங்கே சேர்த்திருக்கிறேன். தமிழ்நாட்டில் உள்ள பள்ளிகளை மனதில் வைத்து எழுதியது. உங்கள் பிள்ளை மீது ஏற்கனவே வழக்கு ஏதாவது இருந்தால் இதைப் படித்துவிட்டு நீங்களே முடிவெடுக்காதீர்கள், 15100க்கு அழைத்தால் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார்.

"பையன் வெளியில எங்கயோ கத்துக்கிட்டு வர்றான். அதுக்கு ஸ்கூல் என்ன மேடம் பண்ணும்? அவங்களுக்குச் சட்டப்படி கடமைன்னு ஒண்ணு இருக்கா?"

இருக்கிறது. ஆனால் "பள்ளிகளும் போதைப்பொருளும்" என்று தனியாக ஒரு சட்டம் கிடையாது, பல சட்டங்களில் சிதறிக் கிடக்கிறது. புகையிலைக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் (கோட்பா என்பார்கள்), கஞ்சா மாதிரியானவற்றுக்கு 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டம், பிள்ளையை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், பள்ளியைவிட்டு அனுப்பலாமா அடிக்கலாமா என்பதற்கு 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம், சிகிச்சைக்கு 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தால் ஒன்று தெளிவாகத் தெரியும்: விற்பவனைத்தான் சட்டம் குற்றவாளியாகப் பார்க்கிறது, பிள்ளையைக் காப்பாற்ற வேண்டிய ஆளாகத்தான் பார்க்கிறது. இளைஞர் நீதிச் சட்டத்தில் "பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை" என்ற வரையறைக்குள்ளேயே, போதைப் பழக்கத்துக்கோ கடத்தலுக்கோ இழுக்கப்படக்கூடிய நிலையில் இருக்கும் குழந்தையும் வருகிறது.

இதற்கு மேல் 2016 டிசம்பரில், பச்பன் பச்சாவோ அந்தோலன் என்ற குழந்தைகள் உரிமை அமைப்பு தொடர்ந்த வழக்கில், பிள்ளைகளிடையே போதைப் பழக்கம் பற்றித் தேசிய அளவில் கணக்கெடுக்க வேண்டும், தேசியத் திட்டம் வகுக்க வேண்டும், பாடத்திட்டத்திலும் இதைச் சேர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. 2021இல் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையமும் போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பிரிவும் சேர்ந்து ஒரு செயல்திட்டம் கொண்டுவந்தன, பள்ளிகளில் பிரஹரி கிளப் என்ற மாணவர் குழு வைக்கச் சொன்னது அதில்தான். நம் ஊர்ப் பள்ளிகளில் போதைப்பொருள் எதிர்ப்பு மன்றம் என்ற பெயரில் இயங்குகிறது. ஆகஸ்ட் மாதம் உறுதிமொழி எடுத்துப் போட்டோ அனுப்பியதோடு அந்த மன்றம் தூங்கிவிட்டால், அதைக் கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு.

"கூல் லிப்பெல்லாம் ஒரு போதையா? கஞ்சா இல்லையே, மிட்டாய் மாதிரிதானே?"

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும், ஏனென்றால் ஆரம்பமே அங்கேதான். சின்ன டப்பா, உள்ளே விரல் நுனி அகலத்தில் வெள்ளைப் பொட்டலங்கள், புதினா வாசம் வேறு. உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் செருகிக்கொண்டால் பாடம் நடக்கும்போதுகூட வெளியே தெரியாது, புகை இல்லை, வாயில் நாற்றமும் இல்லை. உள்ளே இருப்பது புகையிலை, நிகோடின். கீழ் உதட்டைப் பிதுக்கிப் பார்த்தால் அந்த இடத்தில் மட்டும் தோல் வெளுத்துச் சுருங்கியிருக்கும். வகுப்பாசிரியர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். 2024இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே, பள்ளி மாணவர்கள் இதற்கு அடிமையாவதைக் குறிப்பிட்டுத் தயாரிப்பு நிறுவனங்களைக் கேள்வி கேட்டது.

வேப் எனப்படும் மின்சிகரெட்டை விற்பதும் இருப்பு வைப்பதும் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நாடு முழுக்கத் தடை. முதல் தடவை விற்றாலே ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். அப்புறம் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன், ஒயிட்னர். எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பில் பெரியவர்களைவிடப் பிள்ளைகள் அதிகம் பயன்படுத்துவதாகத் தெரியவந்த ஒரே வகை இந்த முகரும் பொருட்கள்தான் (பெரியவர்களில் 0.58 சதவீதம், 10 முதல் 17 வயதினரில் 1.17 சதவீதம்). ஸ்டேஷனரி கடையில் பத்து வயதுப் பிள்ளையும் வாங்கலாம் என்பதால் பள்ளியின் கண்காணிப்பு இங்கேதான் கூடுதலாகத் தேவை.

"கேட்ல 100 கெஜம்னு போர்டு வெச்சாச்சு. எங்க கடமை முடிஞ்சதா?" (ஒரு தலைமையாசிரியர்)

தொடங்கியிருக்கிறது. கல்வி நிறுவனத்தைச் சுற்றி 100 கெஜத்துக்குள் (91 மீட்டருக்குச் சற்று அதிகம்) புகையிலைப் பொருள் விற்கக் கூடாது, 18 வயதுக்குக் கீழ் யாருக்கும் எங்கேயும் விற்கக் கூடாது, இது கோட்பா பிரிவு 6. பள்ளிக்கு வெளியே எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் அறிவிப்புப் பலகை வைப்பது 2009ஆம் ஆண்டு விதிகளின்படி பொறுப்பில் இருப்பவரின் கடமை. தூரத்தைக் கேட்டிலிருந்து அளக்கக் கூடாது, சுற்றுச்சுவரின் வெளி விளிம்பிலிருந்து எல்லாத் திசையிலும் அளக்க வேண்டும். மைதானத்துச் சுவருக்குப் பின்னால் இருக்கும் கடை பல பள்ளிகளில் இப்படித்தான் தப்பிவிடுகிறது.

பள்ளி வளாகத்துக்குள் யார் புகைபிடித்தாலும் (பியூனாக இருந்தாலும், விழாவுக்கு வந்த விருந்தினராக இருந்தாலும்) அபராதம் விதிக்கும் அதிகாரம் தலைமையாசிரியருக்கே உண்டு, புகார் வந்தும் கண்டுகொள்ளாவிட்டால் அபராதம் அவர் மீதே விழும். புகையிலை இல்லாக் கல்வி நிறுவனம் என்ற மத்திய அரசு வழிகாட்டுதல், 100 கெஜ எல்லையைத் தரையில் கோடு போட்டுக் காட்டவும் பள்ளிக்குள் ஒருவரைப் பொறுப்பாளராக நியமிக்கவும் சொல்கிறது. அந்தக் கோட்டைப் போட்டுவிட்டால் கடைக்காரரோடு வாக்குவாதமே தேவைப்படாது.

"புடிச்சுக் குடுத்தாலும் கடைக்காரனுக்கு 200 ரூபாதானே ஃபைன்? அடுத்த நாளே விக்கிறான்."

கோட்பாவில் 200 ரூபாய் வரைதான், வருத்தமான விஷயம். ஆனால் இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 77ஐப் பாருங்கள்: குழந்தைக்கு மது, புகையிலை, போதைப்பொருள் எதைக் கொடுத்தாலும் ஏழு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். பிள்ளையை வைத்து மதுவையோ போதைப்பொருளையோ விற்றால், சுமக்க வைத்தால் பிரிவு 78, அதற்கும் அதே தண்டனை.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, போலீஸ் ஸ்டேஷனில் இதைச் சொல்லித்தான் திருப்பி அனுப்புவார்கள். 2021இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, மூன்று முதல் ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள இந்தப் பிரிவுகளை மட்டும் வைத்து, நடுவர் நீதிமன்ற உத்தரவில்லாமல் போலீஸ் நேரடியாக விசாரிக்க முடியாது. கஞ்சாவோ வேறு தடைசெய்யப்பட்ட பொருளோ சம்பந்தப்பட்டால் போதைப்பொருள் சட்டம் சேர்ந்துகொள்ளும், அப்போது இந்தத் தடை இல்லை. கூடவே, கல்வி நிறுவனத்திலோ அதன் அருகிலோ குற்றம் நடந்தால், அதைத் தண்டனையைக் கூட்டுவதற்கான காரணமாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம் என்று அந்தச் சட்டத்தின் 32பி பிரிவு சொல்கிறது. அதனால் புகாரில் பொருளின் பெயர், கடை இருக்கும் இடம், நேரம் எல்லாம் எழுதுங்கள், மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். தொலைபேசியில் சொல்வதென்றால் மதுவிலக்குப் பிரிவின் 10581, மத்திய அரசின் போதைப்பொருள் உதவி எண் மானஸ் 1933.

"டாஸ்மாக் ஸ்கூல் பக்கத்துலயே இருக்கே, அது எப்படி?"

மாநகராட்சி, நகராட்சிப் பகுதியில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் என்பது 2003ஆம் ஆண்டு சில்லறை மது விற்பனை விதி. கடை வந்த பிறகு பள்ளி வந்திருந்தாலும், வணிகப் பகுதி என்று வரையறுக்கப்பட்டிருந்தாலும் விலக்கு உண்டு. முதலில் அதை விசாரித்துவிட்டு மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுங்கள். 21 வயதுக்குக் கீழ் விற்கக் கூடாது என்பதில் மட்டும் எந்த விலக்கும் இல்லை.

"என் பையன் பையில ஹான்ஸ் பாக்கெட் இருந்துச்சுன்னு டிசி வாங்கிட்டுப் போகச் சொல்றாங்க. போகணுமா?"

எட்டாம் வகுப்பு வரைக்கும் என்றால் வேண்டாம். தொடக்கக் கல்வியை முடிக்கும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 16 சொல்கிறது. 2019இல் ஐந்தாம், எட்டாம் வகுப்பில் ஃபெயில் போடலாம் என்று திருத்தம் வந்தபோதும் இந்த வரியில் கை வைக்கவில்லை. பள்ளிகள் "வெளியேற்றினோம்" என்று எழுதுவதில்லை, "பெற்றோர் விருப்பத்தின் பேரில்" என்று ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொள்வார்கள். அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு அப்படி எழுதிக் கொடுத்துவிட்டு, ஜனவரியில் எந்தப் பள்ளியும் சேர்க்காமல் என்னிடம் வந்த அம்மா ஒருவர் அந்த டிசியைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துக் காட்டினார். நடத்தை என்ற இடத்தில் "திருப்தியில்லை". பையனுக்குப் பன்னிரண்டு வயது. பகல் முழுக்க, அவனுக்கு அந்தப் பாக்கெட்டை விற்ற கடை வாசலிலேயே உட்கார்ந்திருந்தான். கையெழுத்துப் போடாதீர்கள். கேட்பதை எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள், மாவட்டக் கல்வி அலுவலரிடம் புகார் கொடுங்கள், பள்ளிக் கல்வித் துறையின் 14417க்கும் சொல்லலாம்.

"அப்போ ஒன்பதாவதுலேர்ந்து தூக்கலாமா?"

மேலே சொன்ன பாதுகாப்பு ஒன்பதாம் வகுப்பிலிருந்து நேரடியாகப் பொருந்தாது, உண்மைதான். சிறுபான்மை நிறுவனங்களுக்கு 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி கல்வி உரிமைச் சட்டமே பொருந்தாது. அதற்காக இஷ்டம்போல் அனுப்பலாம் என்று ஆகாது. என்ன குற்றச்சாட்டு என்று எழுத்தில் சொல்ல வேண்டும், பிள்ளையும் பெற்றோரும் பதில் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும், செய்த தவறுக்கும் தண்டனைக்கும் பொருத்தம் இருக்க வேண்டும். இவை இல்லாமல் எடுத்த நடவடிக்கையை உயர் நீதிமன்றத்தில் எதிர்க்க முடியும். பொதுத்தேர்வு எழுத வேண்டிய பிள்ளையை பிப்ரவரியில் அனுப்புவதை எந்த நீதிபதியும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

பழக்கம் உள்ள பிள்ளையையும், மற்ற பிள்ளைகளுக்கு விற்கும் பிள்ளையையும் பள்ளி ஒரே மாதிரி நடத்தத் தேவையில்லை. விற்பவனை மற்றவர்களிடமிருந்து கொஞ்ச நாள் பிரித்து வைப்பது நியாயம். ஆனால் அவன் பின்னால் ஒரு பெரியவன் நிச்சயம் இருப்பான், இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 78 அந்தப் பெரியவனுக்காகத்தான். பையனுக்கு டிசி கொடுத்து அனுப்பினால் அந்த ஆளைக் கண்டுபிடிக்கும் வழியும் அடைபட்டுப் போகும்.

"நாலு அடி போட்டா திருந்துவான். அதுக்குமா சட்டம்?"

அதற்கும்தான். கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 17 உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. எட்டாம் வகுப்பைத் தாண்டிய பிள்ளைகளுக்கும் இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 75 உண்டு: பொறுப்பில் இருப்பவர் குழந்தையைத் தாக்கினாலோ தேவையில்லாத உடல், மன வேதனை கொடுத்தாலோ சிறைத் தண்டனை வரை போகும். பிரேயரில் நிறுத்தி வைப்பது, முடியைக் கத்தரிப்பது, கழுத்தில் அட்டை மாட்டுவது எல்லாம் இதில்தான் வரும். அம்மா அப்பாவே "அடிங்க சார்" என்று எழுதிக் கொடுத்திருந்தாலும் அந்தக் காகிதம் ஆசிரியரைக் காப்பாற்றாது.

"பையைச் சோதிக்கலாமா? கஞ்சா கிடைச்சா என்ன செய்யறது?"

பையைப் பார்ப்பதற்குத் தனியாகச் சட்டம் இல்லை, பள்ளியின் ஒழுங்கு விதிகளில் எழுதிப் பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தால் பார்க்கலாம். தனி அறையில், இரண்டு ஆசிரியர்கள் முன்னிலையில், பிள்ளையையே பையைத் திறக்கச் சொல்லுங்கள். மாணவி என்றால் ஆசிரியைதான். உடலைத் தடவிச் சோதிப்பது, உடையைக் கழற்றச் சொல்வது கூடவே கூடாது, அது ஆசிரியர் மீதே போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான சட்டம்) வழக்காக மாறலாம்.

கஞ்சா கிடைத்தால் அநேகம் பேர் செய்வது இரண்டு: கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றுவது, இல்லாவிட்டால் தலைமையாசிரியர் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டுவது. இரண்டும் தப்பு. கொட்டினால் தடயத்தை அழித்ததாகும், பூட்டி வைத்தால் அது உங்கள் வசம் இருக்கிறது. கிடைத்த நேரம், இடம், கூட இருந்தவர்கள் பெயரை எழுதி, உறையில் ஒட்டி, அன்றைக்கே காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள்.

"போலீஸ்ல சொல்லியே ஆகணுமா? சொல்லலைன்னா எங்க மேல கேஸ் வருமா?"

போக்சோவில் இருப்பதுபோல "தெரிந்தும் சொல்லாவிட்டால் தண்டனை" என்ற பிரிவு போதைப் பழக்கத்துக்கு இல்லை. ஒரு பிள்ளை பயன்படுத்துகிறது என்று தெரிந்தால், பெற்றோரை அழைத்துப் பேசிச் சிகிச்சைக்கு அனுப்புவதுதான் முதல் வேலை. ஆனால் தன் கட்டுப்பாட்டில் உள்ள இடத்தில் போதைப்பொருள் குற்றம் நடக்கத் தெரிந்தே அனுமதித்தால் போதைப்பொருள் சட்டம் பிரிவு 25 பொருந்தும். விடுதி மாடியில் விற்பனை நடப்பது வார்டனுக்குத் தெரியும், பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று மூடி மறைத்தார் என்றால் அந்த இடத்தில்தான் ஆபத்து. போதை கொடுத்துப் பாலியல் துன்புறுத்தல் நடந்ததாகச் சின்னச் சந்தேகம் இருந்தாலும் போக்சோ வந்துவிடும், உடனே சொல்லியே ஆக வேண்டும்.

"போலீஸ் வந்தா என் பையன் வாழ்க்கையே போச்சே. நாளைக்கு வேலைக்குப் போக முடியுமா?"

18 வயது ஆகாத பிள்ளையை லாக்கப்பில் வைக்கக் கூடாது. குழந்தைகள் நலக் காவல் அலுவலரிடம்தான் ஒப்படைக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். கொஞ்சம் கஞ்சா (ஒரு கிலோ வரை சட்டத்தில் சிறிய அளவு) வைத்திருந்ததற்கோ பயன்படுத்தியதற்கோ குழுமம் பெரும்பாலும் ஆலோசனை, கண்காணிப்பு, பெற்றோரிடம் ஒப்படைப்பு என்றுதான் போகும்.

வேலை பற்றிய பயத்துக்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. குழந்தையாக இருந்தபோது செய்த குற்றத்தால் பின்னால் எந்தத் தகுதியிழப்பும் வரக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 24 சொல்கிறது, முடிந்த வழக்கைப் பற்றி நன்னடத்தைச் சான்றுக்காகப் போலீஸ் வெளியே சொல்லக் கூடாது என்று அதே சட்டத்தின் பிரிவு 74 சொல்கிறது. 16 வயதைத் தாண்டிய பிள்ளையிடம் வணிக அளவில் (கஞ்சா என்றால் 20 கிலோவுக்கு மேல்) பிடிபட்டால் மட்டும் நிலைமை வேறு, பெரியவர்களைப்போல விசாரிக்கலாமா என்ற பரிசீலனை வரும். உடனே வழக்கறிஞரைப் பாருங்கள்.

"எல்லாப் பிள்ளைகளுக்கும் யூரின் டெஸ்ட் எடுத்தா என்ன?"

கட்டாயப்படுத்தும் அதிகாரம் எந்தச் சட்டத்திலும் பள்ளிக்குத் தரப்படவில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, அது பிள்ளைக்கும் உண்டு. சந்தேகம் இருந்தால் பெற்றோரிடம் சொல்லுங்கள், பரிசோதனை தேவையா என்று மருத்துவர் முடிவு செய்யட்டும். இருமல் மருந்தோ வேறு மாத்திரையோகூடச் சில சோதனைகளில் தப்பாகக் காட்டும் என்பதை மறக்க வேண்டாம்.

"வகுப்பு வாட்ஸ்அப் குரூப்ல பேரைப் போட்டுட்டாங்க. கேட்டா மத்தப் பிள்ளைங்களை எச்சரிக்கிறோம்ங்கறாங்க."

எச்சரிக்கைக்குப் பெயர் தேவையில்லை. வழக்கில் சிக்கிய அல்லது பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளையின் பெயர், படம், பள்ளி எதையும் எந்தத் தகவல் தொடர்பு வழியிலும் வெளியிடக் கூடாது, மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும் (மேலே சொன்ன அதே பிரிவு 74). சிகிச்சை விவரம் என்றால் மருத்துவமனைக்கு ரகசியம் காக்கும் கடமை தனியாக உண்டு. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, நீக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

"கவுன்சலர் வெக்கணும்னு ரூல் இருக்கா? எங்க ஸ்கூல்ல பி.டி. சார்தான் கவுன்சலிங்."

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மாணவர் மனநலம் குறித்து எல்லாக் கல்வி நிறுவனங்களுக்கும் பிறப்பித்த வழிகாட்டுதல்களில் இது இருக்கிறது. 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் இருந்தால் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவராவது வேண்டும். சின்னப் பள்ளி என்றால் வெளியில் உள்ள மனநல நிபுணரோடு முறையான தொடர்பு வைத்திருக்க வேண்டும். ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை பயிற்சி, உதவி எண்களைக் கண்ணில் படும்படி எழுதி வைப்பது எல்லாமும் அதில் உண்டு. மனநல உதவிக்கு டெலிமானஸ் 14416, போதை மீட்பு 14446, குழந்தைகள் உதவி 1098. பி.டி. சார்மேல் பிள்ளைகளுக்குப் பாசம் இருக்கலாம், நல்லதுதான், ஆனால் கை நடுக்கமும் தூக்கமின்மையும் வரும்போது என்ன செய்வது என்று படித்தவர் வேண்டும்.

"மறுவாழ்வு மையத்துல சேர்த்தாதான் திரும்ப எடுப்போம்ங்கறாங்க."

அப்படி நிபந்தனை போட முடியாது. மனநலப் பராமரிப்புச் சட்டம் பிரிவு 87, 18 வயதுக்குக் கீழ் உள்ளவரை உள்நோயாளியாகச் சேர்ப்பதை விதிவிலக்கான சூழலில் மட்டுமே அனுமதிக்கிறது. இரண்டு மனநல மருத்துவர்கள், அல்லது ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு நிபுணரும் தனித்தனியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும், பெரியவர்களோடு ஒரே இடத்தில் வைக்கக் கூடாது, பெற்றோரோ அவர்கள் நியமித்தவரோ கூடவே இருக்க வேண்டும், 72 மணி நேரத்துக்குள் மனநல வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். "மூணு மாசம் பாக்கக் கூடாது, போன் கிடையாது" என்று சொல்லும் மையத்தில் பிள்ளையை விட்டுவிட்டு வராதீர்கள். பதிவுச் சான்றைக் கேளுங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு வெளிநோயாளியாகப் பார்த்தாலே போதும், அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் தொடங்குங்கள். கலங்கரை என்ற பெயரில் அரசு தொடங்கிய போதை மீட்பு மையம் உங்கள் மாவட்டத்தில் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

"வீட்டுல அப்பாவே பாட்டில் வாங்கியாரச் சொல்லி அனுப்புறார். நாங்க என்ன செய்ய?" (ஒரு ஆசிரியை)

மதுவைப் பிள்ளையைச் சுமக்க வைப்பது இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 78க்குள் வரும், அப்பாவாக இருந்தாலும். முதலில் அம்மாவையோ பாட்டியையோ கூப்பிட்டுப் பேசுங்கள், கேட்கவில்லை என்றால் 1098க்கு அழைத்து மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குத் தெரிவியுங்கள். என்ன பார்த்தீர்கள், எப்போது சொன்னீர்கள் என்பதைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நல்லெண்ணத்தோடு செய்த ஆசிரியரைப் பின்னாளில் காப்பாற்றுவது பெரும்பாலும் அந்த நோட்டுதான்.

"அக்கா, என் ஃப்ரெண்ட் மாத்திரை போடுறான். மிஸ்கிட்ட சொன்னா அவனைப் புடிச்சுக் குடுத்துருவாங்களா?" (ஒரு பத்தாம் வகுப்பு மாணவி)

இதுவரை படித்திருந்தால் பதில் உனக்கே தெரிந்திருக்கும்: பயன்படுத்துகிறான் என்பதற்காக அவனைப் போலீஸில் கொடுக்க வேண்டிய கட்டாயம் மிஸ்ஸுக்கு இல்லை. உனக்கு நம்பிக்கையான ஒரே ஒரு ஆசிரியரிடம் தனியாகச் சொல். "என் பேரை அவன்கிட்ட சொல்லாதீங்க" என்று கேட்கலாம், அதில் தப்பில்லை. பள்ளியில் யாரையும் நம்ப முடியாது என்றால் 14446 இருக்கிறது, இலவசம். அவன் எழுப்பினாலும் எழுந்திருக்காமல், மூச்சு மெதுவாகப் போகிறது, உதடு நீலமாகிறது என்றால் யாரிடமும் அனுமதி கேட்காதே, 108ஐக் கூப்பிடு, அவனை ஒருக்களித்துப் படுக்க வை, என்ன மாத்திரை என்று தெரிந்தால் அட்டையை ஆம்புலன்ஸில் வருபவரிடம் கொடு.